தொட்டால் நிற்கிற இரைச்சல்

கம்பியைத் தொட்டால் நின்றுவிடும். தொட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் கை கட்டில் விளிம்பு வரை போகிறது, அங்கேயே நிற்கிறது, திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொள்கிறது. கட்டிலில் ஆல்பினுடைய வெள்ளைக் கிட்டார் மல்லாந்து கிடக்கிறது. அதன் வயர் சின்னப் பெட்டிக்குள் நுழைந்து லேப்டாப்புக்குப் போகிறது, திரையில் பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது, ஹெட்ஃபோனில் இரைச்சல். ம்ம்ம் என்று ஒரே சுருதியில், மூச்சு வாங்காமல். ஃபேனை அணைத்தாயிற்று, ஜன்னலைச் சாத்தியாயிற்று, பிரிட்ஜை அணைக்கச் சொன்னதற்கு அம்மா, "ஒனக்க பாட்டுக்கு எனக்க மீனு சாகணுமா?" என்றாள். மீன் ஏற்கெனவே செத்ததுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். சாகணுமா என்ற அந்தச் சொல் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்து கிடந்தது. அவளே போய் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தாள். லேப்டாப் சார்ஜரையும் பிடுங்கிவிட்டேன், எல்லாம் பேட்டரியில் ஓடுகிறது. இந்த அறையில் சுவரோடு ஒட்டின வயர் ஒன்றுகூட இல்லை. ஒரு எறும்பைக் கொல்லுகிற கரண்டுகூட இந்தக் கம்பிக்கு வர வழியில்லை என்று எனக்குத் தெரியும், கைக்குத்தான் தெரியவில்லை. பாட்டில் வார்த்தை கிடையாது, மூன்று பகுதி, அவ்வளவுதான். முதல் பகுதி என் கறுப்புக் கிட்டாரில், அது தொண்டை கட்டினவன் பேசுகிற மாதிரிக் கரகரக்கும், காலையிலேயே எடுத்து முடித்தேன். இரண்டாவது லிவிங்ஸ்டன் அண்ணனிடம் இரவல் வாங்கின சிவப்புக் கிட்டாரில். அது கனம், தோளை இழுக்கும், ஒரு சுரத்தை மீட்டி விட்டுவிட்டால் அது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், நாம் மறந்த பிறகும் போய்க்கொண்டிருக்கும். மூன்றாவது பகுதி ஆல்பினுக்கு என்று விட்டது. "ஒரே கிட்டாருல மூணையும் வாசிச்சா ஒருத்தன் மூணு சட்டை மாத்தின மாதிரி இருக்கும்டே. மூணு கிட்டாருன்னா மூணு பேரு," என்றான் ஆல்பின். இருக்கிறது நாம் ரெண்டு பேர்தானே, மூன்றாவது யாருலே என்று கேட்டேன். "வருவான் எவனாவது," என்றான். இப்போது ஒரே ஆள்தான் இருக்கிறேன். ம்ம்ம். சின்ன வயதில் தாத்தா கதை சொல்லும்போது நாங்கள் ம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ம் நின்றால் அவரும் நிறுத்திவிடுவார். பாதியில் ஏன் நிறுத்தினீர்கள் என்று காலையில் கேட்டால், நீங்க தூங்கின பிறகும் ம் சத்தம் கேட்டுது பிள்ளைகளா, அதான் நிறுத்திட்டேன் என்பார், சிரிக்காமல். அதை நினைத்தால் இப்போதும் முதுகில் ஊர்கிறது. கட்டிலில் கிடக்கிற இது யாருடைய கதைக்கு ம் கொட்டுகிறது.

முன்னறையில் ஆல்பினுடைய அப்பா உட்கார்ந்திருக்கிறார். தாசையன் மாமா. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், குரல் இன்னும் கடைசி சீட்டுவரை கேட்கும். ஆட்டோ பிடித்து, கிட்டாரையும், அதன் சத்தத்தைப் பெருக்குகிற ஆல்பினுடைய ஆம்பையும் அவரே தூக்கிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆல்பினுக்கு நினைவுக் கூட்டம். அங்கே இந்தப் பாட்டைப் போட வேண்டும், அவனுக்க கிட்டாருல அவனுக்க பாட்டு, அது போதும் எனக்கு என்றார். அதற்காகத்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், ஃபேன் இல்லாமல், வேர்வை கண்ணில் இறங்க. கதவு சாத்தியிருந்தாலும் பேச்சு கேட்கிறது. அம்மா ஏத்தங்காய் வறுவலும் காப்பியும் வைத்திருப்பாள், தட்டு வைக்கிற சத்தம். "நாளைக்கு காலையில போலீஸ் ஸ்டேஷனுக்குப் பயல அனுப்பிருங்க, கேட்டீங்களா," என்கிறார் மாமா. "இவன்தான் பக்கத்துல நின்னவன். மைக்கத் தொட்டதும் விழுந்தான்னு இவன் சொன்னா முடிஞ்சு. அந்த சுயம்பு பய இனி ஒரு கல்யாண வீட்டுக்கு மைக் கட்டப்பிடாது." அம்மா மெல்ல, "அவரு பொஞ்சாதி வந்தாளாமே அண்ணே," என்கிறாள். "வந்தா. கேட்டுக்கு வெளிய நின்னா. எங்க வீட்டுக்காரரு எல்லாம் சரியாத்தான் செஞ்சாரு, எர்த்து குழிக்கு நாந்தான் தண்ணி ஊத்தினேன்னு அழுதா. ஊத்தினியே, எனக்க பிள்ள எங்கன்னு கேட்டேன். போய்ட்டா." பிறகு காப்பி உறிஞ்சுகிற சத்தம். சுயம்பு அண்ணனின் ஸ்பீக்கர், வயர், மைக் எல்லாம் ஸ்டேஷன் திண்டில் சாக்கு போட்டு மூடிக் கிடக்கின்றன, நான் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். அவரையும் பிடித்து உட்கார வைத்து, பிறகு விட்டார்கள். நாளைக்கு நான் சொல்கிறதைப் பொறுத்து மறுபடியும் கூப்பிடுவார்கள். நான் சொல்ல வேண்டியது ஒரே வரி. அதை மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். மைக்கைத் தொட்டதும் விழுந்தான். வாசித்துப் பழகுகிற மாதிரி, முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. மைக்கைத் தொட்டதும் விழுந்தான். ஒரு சுரம்கூடத் தப்பவில்லை, உண்மை அதுதான், நான் பார்த்தது அதுதான், பிறகு எதற்கு ஒவ்வொரு முறையும் விழுந்தான் என்ற இடத்தில் நாக்கு ஒரு நொடி பிந்துகிறது.

அன்றைக்குச் சபையில் எல்லாருக்கும் சாப்பாடு போடுகிற அசனப் பண்டிகை. சாயங்கால வெளிச்சம் இன்னும் போகவில்லை, வாழையிலைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள், சாம்பார் மணம் மேடைவரை வந்தது. மேடைக்குப் பின்னால் சுயம்பு அண்ணன் குழி தோண்டி உப்பும் கரியும் போட்டு எர்த் கம்பியை நட்டு, மனைவி குடத்தில் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆல்பின் எட்டிப் பார்த்தான். "அண்ணே, என்ன செடி வெச்சிருக்கீங்க, பூக்குமா?" என்றான். "பூத்தா மொத பூவு ஒனக்குத்தாம்லே," என்றார் அவர். அந்த அக்காவும் சிரித்தது. இந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம், இது இங்கே வந்து நிற்கக் கூடாது, ஆனால் இதைத் தாண்டாமல் மேடைக்குப் போக முடியவில்லை, எப்போதும் இந்தக் குடத்தில்தான் இடித்துக்கொள்கிறேன். ஆல்பின் தன் ஆம்பைச் சொருகினான். கிட்டாரை மாட்டினான். இடது கையால் கம்பிகளோடு சேர்த்து அதன் கழுத்தைப் பிடித்தபடி மைக்கிடம் போனான், எல்லாருக்கும் ஸ்தோத்திரம் என்று சொல்லத்தான். எல்லா என்பதுவரை வந்தது. உதடு மைக்கில் ஒட்டினது. மைதானம் முழுக்க ஸ்பீக்கர்களில் ஒரு ம்ம்ம். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தன, அவன் எப்போதும் மேடையில் ஏதாவது கோமாளித்தனம் பண்ணுகிறவன், உடம்பை உதறிக் காட்டுகிறவன். இடது கை கம்பியை விடவில்லை. விட முடியாது என்று பிறகு சொன்னார்கள், கரண்ட் பிடித்தால் விரல் மடங்கிக்கொள்ளுமாம். சுயம்பு அண்ணன்தான் ஓடிவந்து மெயினைப் பிடுங்கினார். அந்த ம்ம்ம் நின்றது. நின்ற பிறகுதான் அவன் விழுந்தான். ஆ, அதுதான். மைக்கைத் தொட்டதும் விழவில்லை. சத்தம் நின்ற பிறகுதான் விழுந்தான். நடுவில் எவ்வளவு நேரம், ஒரு வரி வாசிக்கிற நேரம் இருக்குமா. அந்த நேரம் முழுக்க அவன் நின்றுகொண்டிருந்தான், கண் திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்தது, அல்லது எனக்குப் பின்னால் யாரையோ. ஒத்திகையிலேயே அவன் சொல்லியிருக்கிறான். "லே ஜெனிஷ், இந்த மைக்கு கடிக்குது, எறும்பு கணக்கா சுள்ளுனு." நான் சொன்னேன், "ஒனக்கு முத்தம் குடுக்க வேற யாரு இருக்கா." இரண்டு பேரும் சிரித்தோம். அது வேறு மைக். வேறு ஹால். வேறு ஆள் கட்டின செட். வேறு மைக்கும் கடித்தது. இதை நான் இதுவரை யோசிக்கவில்லை. வேறு மைக்கும் கடித்தது என்றால், இரண்டு இடத்திலும் மாறாமல் இருந்தது எது.

கதவைத் தட்டாமல் மாமா உள்ளே வருகிறார், முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு, கையில் ஆம்ப். "என்னடே, வண்டி இன்னும் ஸ்டாண்டுலயே நிக்கா? நான் விசில் ஊதினாத்தான் எடுப்பியோ?" நான் ஹெட்ஃபோனைக் கழற்றுகிறேன். "மாமா, அது வேண்டாம், நேரா லேப்டாப்பிலயே எடுக்கலாம்." "அதெப்படி மக்களே. அவனுக்க சத்தம் இதுலல்லா இருக்கு. அவன் அறையில இருந்து இது வழியாத்தான எனக்குக் கேட்டுது." ஆம்பைக் கீழே வைத்து, சுற்றி வைத்திருந்த வயரைப் பிரித்து, பிளக்கை என் கையில் தருகிறார், சில்லறை தருகிற மாதிரி உள்ளங்கையில் வைத்து அழுத்தி. கனமான கறுப்புப் பிளக். இரண்டு கால் இருக்கிறது. மேலே பெரிய கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பித்தளை வட்டம், அறுத்த தடம் கோடு கோடாகத் தெரிகிறது, விரலால் தடவினால் சொரசொரக்கிறது. "இதென்ன மாமா, ஒரு காலக் காணல," என்கிறேன். ஆல்பின் என்று சொல்வார், அந்தப் பய அறுத்திருப்பான் என்பார். அப்படியானால் செத்தவன் தலையில் போகும், செத்தவனுக்கு என்ன, தாங்கிக்கொள்வான் என்று ஒரு நினைப்பு ஓடுகிறது, அதற்குள் மாமா சிரிக்கிறார். அவன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "அதா? அது நான்லா அறுத்தேன். எனக்க வீட்டுல பழைய போர்டு, எல்லாம் ரெண்டு ஓட்டைதான். இது மூணு கால வெச்சுக்கிட்டு எதுலயும் ஏறமாட்டேங்கு. பயலுக்கு ஒரே வெப்ராளம். வயர்மேனக் கூப்பிடணும், போர்ட மாத்தணும்னு கெடந்து குதிக்கான். போல, இதுக்குப் போயி வயர்மேனா, பெரிய கால்தான எடஞ்சல்னு ஆக்ஸா பிளேட எடுத்தேன். ஒரே இழுப்பு. அம்சமா ஏறிச்சு. எப்பா, நீரு இஞ்சினியர் ஆக வேண்டிய ஆளு, போயும் போயும் டிக்கெட் கிழிச்சீரேன்னு என்னக் கட்டிப் பிடிச்சான், கேட்டியா." கட்டிப்பிடித்த இடம் இன்னும் சூடாக இருப்பதுபோல் தோளைத் தடவிக்கொள்கிறார்.

பிளக்கை நான் மூடிப் பிடித்திருக்கிறேன். உள்ளங்கையில் இரண்டு கால் குத்துகிறது, மூன்றாவது குத்தவில்லை. குத்தாத இடம்தான் அதிகமாக வலிக்கிறது. சுயம்பு அண்ணனின் எர்த் சரியாக இருந்தது. அந்த அக்கா ஊற்றின தண்ணீர் சரியாக இறங்கியிருந்தது, அதனால்தான் மைக்கில் மண்ணுக்கு வழி இருந்தது. இந்த ஆம்பில் வழி இல்லை. கசிகிற கரண்ட் மண்ணுக்குப் போக வேண்டிய காலை அறுத்தாயிற்று, அது எங்கே போகும், பெட்டியில் நிற்கும், கம்பியில் வந்து நிற்கும், கம்பியைப் பிடித்தவன் மேல் நிற்கும், அவன் வேறெதையும் தொடாதவரை ஒன்றும் செய்யாது, அவனும் ஆடிப் பாடிக்கொண்டிருப்பான். உதடு மைக்கில் பட்டதும் வழி திறக்கும். அவன் வழியாகத் திறக்கும். மைக்கைத் தொட்டதும் விழுந்தான். நாளைக்கு நான் சொல்லப்போகிற வரியில், அந்த ஒரு நொடிப் பிந்தலைத் தவிர, ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதைச் சொல்லிவிட்டு வரலாம். மாமா தோளைத் தடவிக்கொண்டு இன்னும் எத்தனையோ நாள் இருக்கலாம், கட்டிப்பிடித்தது கட்டிப்பிடித்ததாகவே இருக்கும். மேசை டிராயரில் கட்டிங் பிளேயர் இருக்கிறது. இந்தப் பிளக்கை நறுக்கி எறிந்து புதிதாக மூன்று கால் பிளக் மாட்டிவிட்டால், கடையில் கிடைக்கும், உலகத்தில் யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும். எனக்கு மட்டும் என்றால் யாருக்கும் இல்லை என்றுதானே அர்த்தம். குடத்தோடு ஒரு அக்கா நிற்கிறது. மொத பூவு ஒனக்குத்தாம்லே. அதற்கு இரண்டு பெண் பிள்ளைகள், ஒன்று பாலர் பள்ளியில் என்னிடம் பாட்டுப் படித்தது, மேல் சுரம் வராமல் கண்ணை மூடிக்கொண்டு கத்தும். ஸ்டேஷன் திண்டில் சாக்கு. சொன்னால் சாக்கை எடுத்துவிடுவார்கள். எடுத்து எங்கே போடுவார்கள், இந்த மனுஷன் மேல் போடுவார்கள். போலீஸ் ஒன்றும் செய்யாது, அது பெரிதில்லை. இவர் ஒவ்வொரு நாளும் அந்த ஆக்ஸா பிளேடை எடுப்பார். ஒரே இழுப்பு. ஒரே இழுப்பு. ஞாயிற்றுக்கிழமை இந்தப் பாட்டின் மூன்றாவது பகுதி வரும்போது சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பார், கேட்டு என்ன செய்வார். "ஏம்லே, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிய?" என்கிறார் மாமா. கட்டிலில் கிட்டாருக்குப் பக்கத்தில் உட்காருகிறார், நோயாளி பக்கத்தில் உட்காருகிற மாதிரி விளிம்பில். ஹெட்ஃபோனை எடுத்துத் தன் காதில் வைக்கிறார், வெள்ளை முடி அதில் சிக்கி நிற்கிறது. "இதென்னடே வண்டு கணக்கா. நீ வாசிக்காமலே சத்தம் வருது." "யாராவது தொட்டா நின்னுரும் மாமா." வாயை விட்டுப் போய்விட்டது. சொல்லி முடிப்பதற்குள் அவர் கை எழுந்துவிட்டது. டிக்கெட் கிழித்துக் கிழித்துக் கட்டைவிரல் தட்டையாகிப்போன வலது கை. தொடாதீங்க என்று நான் கத்துகிறேன், அல்லது கத்தினதாக நினைக்கிறேன், சத்தம் வெளியே வரவில்லை, பேட்டரிதான், சுவரில் ஒன்றும் இல்லை, பேட்டரிதான், ஆம்ப் சொருகவே இல்லை, பிளக் என் கையில்தான் இருக்கிறது. அவர் உள்ளங்கை ஆறு கம்பி மேலும் இறங்குகிறது, காய்ச்சல் பார்க்கிற மாதிரி. திரையில் தடித்து ஓடிக்கொண்டிருந்த கோடு மெலிந்து நூலாகிறது. மாமா நிமிர்ந்து பார்க்கிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. "நின்னுட்டு," என்கிறார், குழந்தை மாதிரி. கையை எடுக்கிறார், கோடு தடிக்கிறது. வைக்கிறார், மெலிகிறது. "அவன் தொட்டாலும் இப்படித்தான் நிக்குமா?" "யாரு தொட்டாலும் நிக்கும் மாமா." "அப்போ எனக்க கைன்னு இதுக்குத் தெரியாது." "தெரியாது." "சரி," என்கிறார். பிறகு, "நீ வாசிடே. நான் ஒரு ஓரமா கைய வெச்சுக்கிடுதேன், ஒனக்கு எடஞ்சல் இல்லாம. ரைட் சொல்லட்டா?" என்கிறார். நாளைக் காலை என்பது இந்த அறைக்கு வெளியே எங்கோ இல்லை, இங்கேயே நிற்கிறது, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், சாகணுமா என்ற சொல் மாதிரி. நான் இப்போது கிட்டாரை எடுத்தால் வாசித்துவிடுவேன். வாசித்துவிட்டால் பாட்டு முடிந்துவிடும், பாட்டு முடிந்துவிட்டால் அந்த வரியும் என் வாயில் பழகிவிடும், நாளைக்கு ஒரு சுரமும் தப்பாமல் வந்துவிடும். என் கை கட்டில் விளிம்பு வரை போகிறது. கிட்டாரைத் தொடவில்லை. அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் பிளக்கை வைக்கிறேன், அறுத்த பக்கம் மேலே தெரிய. "மாமா, கைய எடுக்காதீங்க." "எடுக்கல. என்ன மக்களே?" ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டுக்கொள்கிறார். "அந்தப் பெரிய காலு எதுக்குன்னா," என்று ஆரம்பிக்கிறேன். திரையில் பதிவு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் என் குரல் அதில் ஏறாது, மைக் கிடையாது, அவர் கை மட்டும்தான் அதில் ஏறும். மாமா என் முகத்தைப் பார்க்கிறார். பிறகு பிளக்கைப் பார்க்கிறார், அந்தப் பித்தளை வட்டத்தை. பார்த்தது பார்த்தபடி இருக்கிறார். கை கம்பி மேலேயே இருக்கிறது. "ம்," என்கிறார்.